இருபத்திரண்டாம் நிமிடத்தில் அணைந்த விளக்கு

என் மேசையின் வலது ஓரத்தில் ஒரு கறுப்புப் பெட்டி இருக்கிறது. சோப்புப் பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது. மூடி கிடையாது. உள்ளே பச்சை நிறத்தில் ஒரு சிறு பலகை. அதன் ஒரு விளிம்பில் பன்னிரண்டு உலோகக் கால்கள் வரிசையாக நீட்டிக்கொண்டிருக்கின்றன. இடப்பக்கத்திலிருந்து எண்ணினால் ஏழாவது காலைச் சுற்றிப் பலகை கருகி, ஒரு மிளகு உட்காரும் அளவுக்குக் குழிந்திருக்கிறது. மின்விசிறிக் காற்றில் தாள்கள் பறக்காமலிருக்க இதைத்தான் மேலே வைக்கிறேன். வீட்டுக்கு வருகிறவர்கள் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, பழைய ரேடியோவில் இருந்ததா என்று கேட்பார்கள். கார் விளக்கினுடையது என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன். இதை என் கையில் கொடுத்த எலக்ட்ரீஷியன் பாயைப் பற்றியும், இதனால் நான் பயந்துகிடந்த ஏழு வாரங்களைப் பற்றியும் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய முதல் சில ஆண்டுகளில் நடந்தது. நான் ரயில்வே அலுவலகத்தில் புள்ளிவிவரப் பிரிவில் முப்பத்து நான்கு ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவன். எண்ணுவது வேலையாக இருந்து பிறகு வியாதியாகிவிட்டது என்று மனைவி சொல்வாள். சிட்லபாக்கத்தில் எங்கள் வீட்டு வாசலிலிருந்து ஏரிக்கரை வரை முந்நூற்றுப் பன்னிரண்டு அடி வைக்க வேண்டும். மகள் காட்டாங்குளத்தூரில் கல்லூரி ஒன்றில் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள், அங்கேயே குடியிருந்தாள். அவளுக்குக் கைக்குழந்தை. தினமும் மதியம் நாங்கள் இருவரும் காரில் போய்க் குழந்தையைப் பார்த்துக்கொண்டு, அவள் வந்ததும் ஆறேகாலுக்குக் கிளம்பி வீடு திரும்புவோம். ரயிலில் போகலாம்தான். ஆனால் ரயில் நிலைய நடைமேம்பாலத்தில் ஏற நாற்பத்தாறு படி, இறங்க நாற்பத்தாறு படி. மனைவிக்கு முழங்கால் வலி, அதோடு பதினோரு ஆண்டுகளாகச் சர்க்கரை. ஆகவே கார். வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றின் பழைய கார். ஓய்வு பெற்ற புதிதில் வாங்கினேன். நான் வாங்கிய இரண்டாம் ஆண்டே அந்த மாடலை நிறுத்திவிட்டார்கள்.

அது மார்கழி மாதம். ஆறரை மணிக்கெல்லாம் நன்றாக இருட்டிவிடும். வண்டலூரில் மிருகக்காட்சி சாலையைத் தாண்டியதும் காட்டை ஒட்டி வருகிற சாலையில் அப்போது தெருவிளக்குகள் அடுத்தடுத்து இருக்காது. அந்த இடத்தில்தான் முதல் தடவை நடந்தது. எனக்கு முன்னால் இருந்த சாலை திடீரென்று இல்லாமல் போனது. ஸ்டீரிங்குக்குப் பின்னால் வேகம் காட்டும் முள்ளும் தெரியவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவதற்குள் எல்லாம் திரும்ப வந்துவிட்டது. கால் தானாகவே பிரேக்கை மிதித்திருந்தது. பின்னால் வந்த பேருந்து ஹாரன் அடித்துக்கொண்டு ஒதுங்கிப் போனது. பக்கத்தில் இருந்த மனைவியைப் பார்த்தேன். அவள் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

இன்னொருவராக இருந்தால் விளக்கில் கோளாறு என்று உடனே நினைத்திருப்பார். எனக்கு அந்த எண்ணம் வராமல் போனதற்குக் காரணம் என் அப்பா. அவருக்கு அறுபத்து மூன்றாம் வயதில் கண் போனது. போவதற்கு முந்திய ஆறு மாதமும் அவர் வீட்டு பல்பைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தார். ‘இந்த பல்ப் ஏன் இப்படி மங்கலா எரியுது’ என்று நாற்பது வாட்ஸை எடுத்துவிட்டு அறுபது போட்டார், அறுபதை எடுத்துவிட்டு நூறு போட்டார். மின்சாரம் சரியாக வருவதில்லை என்று மின்வாரிய அலுவலகத்துக்கு இரண்டு மனு எழுதினார். அந்த மனுக்களை நகல் எடுத்தவன் நான். டாக்டரிடம் போனபோது கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு காய்ந்துவிட்டது, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்றார்கள். எனவே கண் போகிறவன் முதலில் விளக்கைத்தான் குற்றம் சொல்வான் என்பது எனக்குத் தெரியும். வண்டலூரில் இருட்டு வந்த அன்று எனக்கு வயது அறுபத்து மூன்று.

மறுநாள் போர்ட்டிகோவில் காரை நிறுத்தி, விளக்கைப் போட்டுவிட்டுச் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்தேன். கைக்கடிகாரத்தில் பத்து நிமிடம் எண்ணினேன். விளக்கு அசையாமல் எரிந்தது. பேட்டரி இறங்கிவிடுமே என்று அணைத்துவிட்டேன். விளக்கு சரியாக இருக்கிறது என்றால் மிச்சமிருப்பது நான்தான். அடுத்த நான்கு நாட்களில் இன்னும் மூன்று தடவை நடந்தது. ஒவ்வொரு தடவையும் மகள் வீட்டிலிருந்து கிளம்பிய இருபத்திரண்டாம் நிமிடம், ஒரு நிமிடம் முன்னே பின்னே. ஒவ்வொரு தடவையும் மூன்று வினாடி அல்லது நான்கு. எதிரில் வந்த வண்டிகளின் வெளிச்சம் அந்த மூன்று வினாடியில் தெரிந்ததா என்று வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்ப்பேன். தெரிந்தது போலவும் இருக்கும், தெரியாதது போலவும் இருக்கும். பயந்தவனுடைய ஞாபகத்தை எந்தக் கணக்கிலும் சேர்க்க முடியாது.

ஒருநாள் காலை, நூலகத்துக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத் தாம்பரத்தில் ஒரு கண் ஆஸ்பத்திரிக்குப் பேருந்தில் போனேன். எனக்கு முன்னால் பதினான்கு பேர் இருந்தார்கள். பதினோராவது ஆள், என் வயதுக்காரர், மகனுடைய தோளைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார். அதைப் பார்த்ததும் எழுந்து வெளியே வந்துவிட்டேன். கண் போய்விட்டது என்று டாக்டர் சொன்னால் அது போனதாகிவிடும். சொல்லாதவரை இன்னும் கொஞ்சம் இருக்கிறது என்று தோன்றியது. படித்தவன் நினைக்கிற நினைப்பா இது என்று இப்போது கேட்கத் தோன்றுகிறது.

திரும்புகிற வழியில் கார் சாமான்கள் விற்கும் கடை ஒன்று கண்ணில் பட்டது. மறுநாள் அங்கே காரை எடுத்துக்கொண்டு போனேன். விளக்கு அணைகிறது என்று சொல்ல வாய் வரவில்லை. அணைகிறது என்றால், எப்போது, எங்கே, கூட யார் இருந்தார்கள், அவர்கள் என்ன சொன்னார்கள் என்று கேள்வி நீளும். “ஹெட்லைட் வெளிச்சம் போதலை” என்று சொன்னேன். கடைக்காரர் மறுகேள்வி கேட்காமல் கம்பெனி பல்புகளைக் கழற்றிவிட்டு, கிட்டத்தட்ட இரண்டு மடங்கு சக்தியுள்ள நூறு வாட்ஸ் பல்புகளை மாட்டினார். “இப்ப பாருங்க சார், எதிர்ல வர்றவன் கண்ணே கூசும்” என்றார். அப்பாவுக்கு நான் ஸ்டூல் போட்டு ஏறி நூறு வாட்ஸ் பல்ப் மாட்டிய நாள் அப்போது என் ஞாபகத்துக்கு வந்ததா என்றால், வந்தது. வந்தும் மாட்டிக்கொண்டு வந்தேன்.

அதற்குப் பிறகு நிலைமை மோசமானது. இருபத்திரண்டாம் நிமிடம் என்பது பத்தொன்பதாகி, பதினேழாகி, பதினான்கில் வந்து நின்றது. மூன்று வினாடி ஐந்தாயிற்று, பிறகு எட்டாயிற்று. வண்டலூர் வரை காத்திருந்த இருட்டு ஊரப்பாக்கத்துக்கு முன்னாலேயே வந்தது. கண் வேகமாகப் போய்க்கொண்டிருக்கிறது என்று முடிவு செய்தேன். மனைவியை வண்டியில் ஏற்றக் கூடாது என்று ஒவ்வொரு மதியமும் நினைப்பேன். காரணம் சொல்ல வேண்டுமே என்று ஒவ்வொரு மதியமும் ஏற்றிக்கொள்வேன். இதைவிடக் கேவலமான ஒன்றை நான் செய்ததில்லை. அந்த வாரங்களில் வீட்டிலும் சில மாறுதல்கள் தென்பட்டன. சமையலறையில் உப்பு டப்பாவுக்கு ஒரு ரப்பர் பேண்டும், சர்க்கரை டப்பாவுக்கு இரண்டும், மிளகாய்த்தூளுக்கு மூன்றும் போட்டிருந்தாள் மனைவி. ஒருமுறை கூடத்தில் அவள் சுவரைத் தொட்டுக்கொண்டு நடப்பதைப் பார்த்தேன். முழங்கால் வலி என்று எண்ணிக்கொண்டேன். என் பயத்தை எண்ணவே எனக்கு நேரம் சரியாக இருந்தது.

பொங்கலுக்கு முந்திய வாரம் அது நடந்தது. ஊரப்பாக்கத்தை நெருங்கிக்கொண்டிருந்தோம். பதினான்காம் நிமிடம். இருட்டு வந்தது. ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கினேன். ஐந்தில் இடப்பக்கச் சக்கரம் தார் விளிம்பிலிருந்து மண்ணில் இறங்கும் சத்தம். பிரேக்கை முழுதாக மிதித்துவிட்டேன். வண்டி நின்ற பிறகும் இருட்டு விலகவில்லை. எட்டு, ஒன்பது, பத்து. பதினொன்றில் வெளிச்சம் திரும்பியபோது, கண்ணாடிக்கு முன்னால் ஒரு தண்ணீர் லாரியின் பின்புறம் நின்றுகொண்டிருந்தது. இறங்கிப் பார்த்தேன். என் காருக்கும் அதற்கும் இடையில் இரண்டு ஜாண். மனைவியின் கைப்பை கீழே விழுந்து, மாத்திரைப் பட்டைகள் காலடியில் சிதறியிருந்தன. அவள் அவற்றைக் கையால் தடவித் தடவி எடுத்துக்கொண்டிருந்தாள்.

“ஏங்க நிறுத்திட்டீங்க?” என்றாள்.

“டயர்ல ஏதோ சத்தம் கேட்டுது.”

“சரி. பாத்து மெதுவாப் போங்க.”

லைட் ஏன் அணைந்தது என்று அவள் கேட்கவில்லை. பதினொரு வினாடி. விளக்கு அணைந்திருந்தால் பக்கத்தில் இருப்பவள் கேட்டிருக்க மாட்டாளா? எனக்கு மிச்சமிருந்த கொஞ்சம் நம்பிக்கையும் அங்கே போனது. காரை விற்றுவிடலாம், வயதாகிவிட்டது என்று அன்று சாப்பிடும்போது சொன்னேன். அவள் மறுபேச்சில்லாமல் “வித்துடலாம். நானும் இனிமே தினம் வர முடியாதுன்னு அவகிட்ட சொல்லிடறேன்” என்றாள். குழந்தையைப் பார்க்காமல் ஒரு நாள் இருக்க மாட்டாதவள், இவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொண்டது எனக்கு உறுத்தியது. ஆனால் கேட்கவில்லை.

மகளுடைய கல்லூரியில் வேலை பார்க்கும் ஒருவர் வாங்கிக்கொள்ள முன்வந்தார். மின்சார வேலைகள் எல்லாம் சரியாக இருக்கின்றன என்று ஒரு எலக்ட்ரீஷியன் பார்த்துச் சொன்னால் போதும் என்றார். அப்படித்தான் பாயிடம் போய்ச் சேர்ந்தேன். மேற்குத் தாம்பரத்தில் முடிச்சூர் சாலையிலிருந்து பிரியும் ஒரு தெருவில், பெண்கள் அழகு நிலையம் ஒன்றை ஒட்டித் தகரக் கூரை போட்ட கடை. பாய்க்கு ஐம்பது வயது இருக்கும். மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் போட்டிருப்பார். எல்லோரும் வண்டியைக் கண்டதும் பானட்டைத் திறப்பார்கள். அவர் திறக்க மாட்டார். முதலில் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, எல்லா ஸ்விட்சுகளையும் போட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். வண்டியை மோந்து பார்க்கிறார் என்று பிறகுதான் எனக்குப் புரிந்தது.

“விக்கப்போற வண்டியாமே சார். இன்னா கம்ப்ளைன்ட்டு?”

“ஒண்ணும் இல்ல பாய். எல்லாம் சரியா இருக்கான்னு பாத்தாப் போதும்.”

“ஒண்ணும் இல்லாத வண்டி இந்தக் கடைக்கு வந்ததே இல்ல சார். வந்தா போர்டுல எழுதிப் போட்டுடுவேன்” என்றவர், ஸ்டீரிங்குக்குக் கீழே முகத்தைக் கொண்டுபோனார். நிமிர்ந்தபோது சிரிப்பு இல்லை. “கருகின வாசனை வருது. லைட்டு அணையுதா சார்?”

“இல்லையே.”

“அணையவே இல்ல?”

“வெளிச்சம் கம்மியா இருந்துது. பல்ப் மாத்தினேன்.”

அவர் கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தார். ஜுரம் இல்லை என்று சொல்லும் நோயாளியை டாக்டர் பார்ப்பது போல இருந்தது. “சரி, சாயங்காலம் ஆறரைக்கு வாங்க. ஒரு ரவுண்டு போலாம். நீங்க ஓட்டுங்க, நா பக்கத்துல குந்திக்கினு வரேன்.”

அன்று பகல் முழுவதும் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இதுவரை என் இருட்டை யாரும் பார்த்ததில்லை. இப்போது ஒரு மனிதர் பக்கத்திலேயே உட்கார்ந்து, நான் குருடாகும் பதினொரு வினாடிகளைப் பார்க்கப்போகிறார். போகாமலே இருந்துவிடலாமா என்று நான்கு தடவை நினைத்தேன். போனேன். தாம்பரத்தைத் தாண்டித் தெற்கே திரும்பினோம். பாய் தன் மகளுடைய கல்யாணத்துக்கு வந்த கூட்டத்தைப் பற்றி என்னவோ சொல்லிக்கொண்டு வந்தார். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு வந்தேன். பன்னிரண்டு நிமிடம். பெருங்களத்தூர் பின்னால் போயிற்று. பதின்மூன்று. உள்ளங்கை ஈரமாகி ஸ்டீரிங் வழுக்கியது. வேகத்தை இருபதுக்குக் குறைத்து, சாலையின் இடது ஓரத்துக்கு ஒதுங்கினேன். பதினான்கு.

இருட்டு வந்தது.

பாய் பேச்சை நிறுத்தினார். “போச்சு. ஓரங்கட்டுங்க சார்” என்றார், தேநீர் ஆறிவிட்டது என்று சொல்லும் குரலில்.

நான் பிரேக்கை மிதித்துக்கொண்டே கேட்டேன். அந்தக் கேள்வி என் வாயிலிருந்து எப்படி வந்தது என்று தெரியவில்லை. “உங்களுக்கும் போச்சா பாய்?”

“இன்னா சார் கேள்வி இது. வண்டி லைட்டு போனா ரெண்டு பேருக்கும்தான போவும்.”

ஸ்டீரிங்கின் மேல் தலையை வைத்துக்கொண்டேன். அழுதேனா, மூச்சு வாங்கினேனா என்று சொல்லத் தெரியவில்லை. எதிர்ச் சாரியில் லாரிகள் தம் வெளிச்சத்தோடு போய்க்கொண்டிருந்தன, ஒவ்வொன்றும் தெரிந்தது. ஐந்து வரை எண்ணினேன். பாய் ஸ்டீரிங்குக்குக் கீழே கையை விட்டு எதையோ தொட்டுவிட்டு, சூடு தாங்காமல் விரலை உதறினார். பிறகு நாலு மூலையிலும் மினுக்கும் ஹசார்டு விளக்கைப் போட்டுவிட்டு, இறங்கிப் போய்ப் பெட்டிக் கடையில் எனக்கு ஒரு சோடா வாங்கி வந்தார். அங்கே இருந்த கறுப்புப் பெட்டியின் மேல்தான் அவருக்குச் சந்தேகம், அது ஆறும் வரை பேசிக்கொண்டிருந்தோம். அப்பாவைப் பற்றிச் சொன்னேன். லாரியைச் சொன்னேன். நூறு வாட்ஸைச் சொல்லவில்லை. பல்ப் மாற்றியதைத்தான் காலையிலேயே சொல்லிவிட்டேனே என்று ஒரு சால்ஜாப்பு.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் ஒன்றே ஒன்று கேட்டார். “அம்மா பக்கத்துல இருந்தாங்கல்ல சார்? அவங்கள கேக்கவே இல்லியா?”

வீட்டுக்கு வந்தபோது மனைவி சாப்பாட்டு மேசையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்து, கார்ல வரும்போது லைட் அணைஞ்சு அணைஞ்சு எரியுதே, கவனிச்சியா என்றேன். அவள் கை நின்றது.

“என்ன சொன்னீங்க? கார் லைட்டா அது?”

“ஆமாம். உள்ள ஒரு பெட்டி கெட்டுப்போயிருக்கு.”

அவள் கீரைக் காம்பை மேசையில் வைத்தாள். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். சர்க்கரை கண்ணுக்கு வந்துவிட்டது, அவ்வப்போது இருட்டாகி விலகுகிறது என்று அவள் நினைத்திருக்கிறாள். சொன்னால் நான் பதறுவேன், பதறிக்கொண்டு கார் ஓட்டுவேன் என்று சொல்லாமல் இருந்திருக்கிறாள். உப்பு டப்பாவுக்கு ஒரு ரப்பர் பேண்டு போட்டது, கண் தெரியாமல் போகும் நாளில் தடவி அடையாளம் காண. கூடத்தில் கண்ணை மூடிக்கொண்டு நடந்து பழகியிருக்கிறாள். முன்னால் இரண்டு இருக்கையில், ஒரு கை தூரத்தில், ஒரே இருட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு, இருவரும் அதை அவரவருக்கு மட்டும் வந்ததாக நினைத்து வாயை மூடிக்கொண்டு வந்திருக்கிறோம்.

“மொத்தம் எட்டு தடவை” என்றேன்.

“ஒம்பது” என்றாள். “நான் எண்ணினேன்.” எனக்குத் தெரியாமல் போன அந்த ஒன்று எது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அது காரின் விளக்குதானா, அவள் கண்ணா என்று இப்போதும் சந்தேகம்.

மறுநாள் கடையில் பாய் தன் சந்தேகத்தை உறுதிசெய்துகொண்டார். ஸ்விட்சா, ஒயரா, பெட்டியா என்று மூன்றில் ஒன்றாக இருக்கலாம். வாசனையை மட்டும் நம்பிப் பெட்டியை மாற்றக் கூடாது என்றார். அந்தக் காரில் ஸ்விட்சிலிருந்து விளக்குக்கு நேராக மின்சாரம் போகாது. இந்தப் பெட்டிக்குள் நுழைந்து, அது அனுப்பினால்தான் போகும். பெட்டிக்குள் வருகிற ஒயரில் ஒரு சிறு பல்பும், வெளியே போகிற ஒயரில் ஒன்றும் கட்டித் தொங்கவிட்டார். பக்கத்து அழகு நிலையத்துக்குப் போய், “யக்கா, அந்த முடி காய வெக்கிற மிஷினக் குடு” என்று வாங்கி வந்தார். “எந்தத் தலைக்கு பாய்?” என்று அந்த அம்மாள் உள்ளேயிருந்து கேட்க, “என் தலையில இன்னா கீது காய வெக்க? காருக்கு” என்றார். அனல் காற்றைப் பெட்டியின் மேல் பிடித்தார். “நீங்கதான எண்ணுவீங்க, எண்ணுங்க சார்.” எண்ணினேன். நூற்று நாற்பத்தொன்றில் சுவரில் விழுந்திருந்த விளக்கு வெளிச்சம் அணைந்தது. உள்ளே வரும் பல்ப் எரிந்துகொண்டிருந்தது. வெளியே போகும் பல்ப் அணைந்திருந்தது. “வர்றது வருது. போறது போவல. ஆள் மாட்டிக்கினான்” என்றார். சூடு ஏறினால்தான் அணையும். பத்து நிமிடத்தில் என் சோதனையை நான் நிறுத்தியிருந்தேன்.

பெட்டியைக் கழற்றி மூடியைத் திறந்து, பூதக்கண்ணாடியை என் கையில் கொடுத்தார். ஏழாவது காலைச் சுற்றி ஈயத்தில் மயிரிழை போல ஒரு வளையம். வண்டி பழசானால் வரும் விரிசல், பற்றவைத்தால் பத்து நிமிட வேலை என்றார். ஆனால் அதைச் சுற்றிப் பலகையே கருகியிருந்தது. அதுதான் அவருக்குப் புரியவில்லை. எழுந்து போய் முன்விளக்கிலிருந்து பல்பைக் கழற்றி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதன் அடியில் இருந்த எழுத்தைப் படித்தார்.

“இத யாரு போட்டது?”

சொன்னேன். கடைக்காரரைக் குற்றம் சொல்ல வாய் வந்தது. அடக்கிக்கொண்டு, வெளிச்சம் போதவில்லை என்று நான்தான் பொய் சொன்னேன் என்பதையும் சொன்னேன். பாய் பல்பைத் துணியில் சுற்றி ஓரமாக வைத்தார். “மயிரிழை விரிசல் மேல ரெண்டு மடங்கு பாரத்த ஏத்திட்டீங்க. இத சொல்லாம வுட்டிருந்தா, புதுப் பெட்டியும் ஒரு மாசத்துல வெந்துருக்கும். அப்ப லாரிக்கும் உங்களுக்கும் ரெண்டு ஜாண் இருந்துருக்குமா தெரியாது.” திட்டவில்லை.

புதிய பெட்டி எங்கும் கிடைக்கவில்லை. புதுப்பேட்டையில் உடைத்த வண்டிகளின் சாமான்களுக்கு நடுவே அவருடைய மைத்துனர் பதினேழு நாள் தேடி ஒன்றை எடுத்தார். அந்தப் பதினேழு நாளும் நாற்பத்தாறு படி ஏறி இறங்கி ரயிலில் போனோம், எண்ணியது அவள். பாய் பழைய பெட்டியின் ஒட்டுச்சீட்டை என்னைப் படிக்கச் சொல்லி, புதியதை அவர் படித்து, எண்கள் கடைசி எழுத்துவரை ஒன்றுதானா என்று மூன்று தடவை ஒத்துப்பார்த்த பிறகே பேட்டரி ஒயரைக் கழற்றினார். நான்கு திருகாணி, இரண்டு இணைப்பு. அரை மணி நேரத்தில் முடிந்தது. விளக்கில் கம்பெனி அளவு பல்புகளை மாட்டினார். கருகிய பெட்டியை என் கையில் வைத்து, “வெச்சிக்குங்க சார். இனிமே எது அணைஞ்சாலும் பக்கத்துல கீறவங்கள மொதல்ல கேளுங்க” என்றார். காரை விற்கவில்லை.

பெட்டி மாற்றிய முதல் மாலை வண்டலூரை நெருங்கும்போது எனக்குப் பழைய உள்ளங்கை ஈரம் வந்துவிட்டது. மனைவி ஒன்றும் கேட்காமல் “எரியுது” என்றாள். நானும் “எரியுது” என்றேன். காட்டைத் தாண்டும் வரை மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டே வந்தோம். அதிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு பழக்கம் வந்தது. மின்வெட்டு வரும்போதெல்லாம் இருவரும் எந்த அறையில் இருந்தாலும், முதலில் ஒருவர் “உனக்கும் போச்சா?” அல்லது “உங்களுக்கும் போச்சா?” என்று கூப்பிடுவோம். “எனக்கும் போச்சு” என்று பதில் வரும். பிறகுதான் மெழுகுவத்தி. மின்வெட்டு மிகுந்திருந்த ஆண்டுகளில் ஒரு நாளைக்கு ஆறு தடவைகூடச் சொல்லியிருக்கிறோம்.

சென்ற ஆண்டு ஒருநாள் மாலை, ஐந்து மணி இருக்கும். நான் இந்த மேசையில் உட்கார்ந்து கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன். சமையலறையிலிருந்து அவள் குரல் வந்தது. “உங்களுக்கும் போச்சா?”

தலைக்கு மேல் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. மேசை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஜன்னல் வழியே வெயில் தரையில் கிடந்தது. பேனாவைக் கீழே வைத்தேன். எழுந்து சமையலறை வாசல்வரை போனேன். அவள் அடுப்பு மேடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, நான் இல்லாத பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பக்கத்தில் விளக்கு ஸ்விட்ச் இருந்தது. அதை அணைத்துவிட்டு ‘எனக்கும் போச்சு’ என்று சொல்லிவிடலாம் என்று தோன்றியது. ஒரு நிமிடமாவது அவள் பயப்படாமல் இருப்பாள். கை ஸ்விட்சுக்குப் போகவும் செய்தது. வெளிச்சம் போதவில்லை என்று அன்று கடையில் நான் சொன்னதும் இந்த மாதிரிப் பொய்தான்.

“இல்லம்மா. எனக்கு எரியுது” என்றேன். போய் அவள் கையைப் பிடித்தேன். “எவ்வளவு நேரமா?”

“பால் இறக்கினதுலேர்ந்து. இருநூறு எண்ணிட்டுக் கூப்பிட்டேன்.”

ஐந்து இருபதுக்கு வாடகைக் காரில் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். அவள் கண்களுக்குள் ரத்தம் கசிந்திருந்தது. சீக்கிரம் கொண்டு போனதால் வலது கண்ணில் பாதிக்கு மேல் காப்பாற்ற முடிந்தது, இடது கண் போயிற்று. என் கண்களில் புரை எடுத்தார்கள். மற்றபடி அப்பாவுடைய வியாதி எனக்கு வரவில்லை. எண்பதைத் தாண்டிவிட்டேன். பாய் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டுச் செங்கல்பட்டில் மகள் வீட்டோடு இருக்கிறார். ரம்ஜானுக்குப் போன் செய்தால், அவர் கேட்கும் முதல் கேள்வி “அம்மா கண்ணு எப்டி கீது?”

சமையலறை டப்பாக்களுக்கு மறுபடியும் ரப்பர் பேண்டு வந்துவிட்டது. இந்த முறை போட்டவன் நான். உப்புக்கு ஒன்று, சர்க்கரைக்கு இரண்டு, மிளகாய்த்தூளுக்கு மூன்று என்று அவள் சொன்ன பழைய கணக்குப்படியே. இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அவள் மேசைக்கு வந்து, தாள்களின் மேல் இருந்த பெட்டியைத் தடவி எடுத்தாள். கட்டைவிரல் கால்களின் மேல் ஊர்ந்துபோய் ஏழாவதில் நின்றது.

“இதுக்கு ரப்பர் பேண்டு போடலியா?” என்றாள்.

“அதான் குழி இருக்கே” என்றேன்.

அவள் அதை இருந்த இடத்திலேயே, தாள்களின் மேல், சரியாக வைத்தாள்.